கப்பலேறப் போகிறவர்களின் கார்

கார் வந்து நின்றதும் ஓர்னெல்லா முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவாள். வந்தவர்கள் பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் கதவைத் திறந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக் குனிந்து, ஒரே இழுப்பாக மூச்சை இழுப்பாள். கிளட்ச் கருகிய வாடை அடித்தால் கியர் வண்டி பழகாதவர்கள். மலையூர்ச் சந்து எதிலோ ஏறமாட்டாமல் திணறியிருக்கிறார்கள். ஆட்டுப்பால் சீஸ் நெடியென்றால் பியென்சாவில் ஆசையாக வாங்கியதைப் பின் இருக்கையில் வெயிலுக்கு விட்டுவிட்டு ஊர் சுற்றியிருக்கிறார்கள். வாந்தி வாடை என்றால் கேட்கவே வேண்டாம், கடலோர மலைப்பாதையின் வளைவுகள்தான். "அமால்ஃபி!" என்று உள்ளே உட்கார்ந்திருக்கும் ஃபௌஸ்தோவுக்குக் குரல் கொடுப்பாள்.

"நாய்மூக்கு!" என்பான் அவன் பதிலுக்கு. "உன்னைக் கொண்டுபோய் ஏர்போர்ட்ல கட்டிப் போட்டா ஒரு கடத்தல்காரன் தப்ப மாட்டான்."

"சம்பளம் கூடக் குடுப்பாங்கன்னா கட்டிப் போடச் சொல்லு."

சிவித்தாவெக்கியா துறைமுக வாசலுக்கு எதிரே, டயர்க் கடைக்கும் மீன் ஐஸ் உடைக்கிற கொட்டகைக்கும் நடுவில் இருக்கிறது அந்த வாடகைக் கார் அலுவலகம். ஃபியூமிச்சீனோவில் விமானம் விட்டு இறங்குகிறவர்கள் அங்கேயே காரை எடுத்துக்கொண்டு, நாலு நாள் தொஸ்கானாவைச் சுற்றிவிட்டு, கப்பலேறும் நாளில் இங்கே கொண்டுவந்து விடுவார்கள். விட்ட காரைச் சுற்றிப் பார்த்து வாங்கிக்கொள்வதும், ஆட்களை வேனில் ஏற்றிக் கப்பலடியில் இறக்குவதும் ஓர்னெல்லாவின் வேலை. அறுபதை நெருங்குகிறாள். தலைக்குச் செம்புநிறச் சாயம். வகிட்டில் மட்டும் வெள்ளை எட்டிப் பார்க்கும். மூக்குக்கண்ணாடியை ஷூ நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள்.

கீறல் பார்ப்பதற்கு அவளிடம் ஒரு வழி உண்டு. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, கோட்டின் மேல் அழுத்தித் தேய்ப்பாள். "எச்சில்ல போனா அழுக்கு, போகலைன்னா காயம்." இதைப் பார்த்து முகம் சுளிக்காத வெளிநாட்டுக்காரர்கள் குறைவு. அவள் கண்டுகொள்வதில்லை. கோட்டைப் பார்த்ததும் அவர்கள் சொல்லப்போவது என்னவென்று அவளுக்கு மனப்பாடம்: நாங்கள் எடுக்கும்போதே இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை ஏழெட்டு மொழியில் அடையாளம் கண்டுகொள்வாள். "கப்பலேறப் போறவன் பொய்யைக்கூட நின்னு சொல்ல மாட்டான்" என்பாள். வாயாடிக்கொண்டு நிற்பவர்களுக்கு அவள் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான். "கப்பல் காத்திருக்காது. நான் காத்திருப்பேன். எப்படி வசதி?"

முன்பெல்லாம் அவள் சார்டினியாப் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி, மின்விசிறி, கௌரவமான வேலை. ஆனால் வாரத்தில் பாதி இரவு முறை. அம்மா எல்வீரா படுக்கையில் விழுந்தபின் இரவில் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. பகலில் மட்டும் நடக்கிற வேலை இது ஒன்றுதான் கிடைத்தது, வந்துவிட்டாள். அம்மா போன பிறகும் இங்கேயே நின்றுவிட்டாள். ஒரே தங்கை லுச்சானா, இருபத்தைந்து வயதில் பெர்த்துக்குப் போனவள், அங்கேயே ஓர் ஆஸ்திரேலியனைக் கட்டிக்கொண்டாள். முதலில் ஞாயிறுதோறும் போன் வரும். பிறகு மாதம் ஒருமுறை ஆனது. பிறகு கிறிஸ்துமஸுக்கு. அம்மாவின் அடக்கத்துக்கு அவள் வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றாள். ஓர்னெல்லாவோ பாதி ஆயுள் டிக்கெட் கொடுத்தவள்.

அன்று துறைமுகத்தில் மூன்று கப்பல்கள். காலையிலிருந்து கார் மேல் கார். பதினொரு மணிக்கு வழக்கமாகத் தின்னும் மொர்த்தாதெல்லா இறைச்சி வைத்த ரொட்டியைக் கூட அவள் பிரிக்கவில்லை. ஒரு சின்ன வெள்ளைக் கார் உள்ளே வந்து, கோணலாக நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்து நெட்டையாக, வெயிலில் சிவந்த ஒரு மனிதர் இறங்கி, நேராக ஃபௌஸ்தோவிடம் கழிப்பறை எங்கே என்று கேட்கப் போனார். ஓட்டிவந்த பெண் பின்பக்கம் போய்ப் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தாள். ஓர்னெல்லா தலையை உள்ளே விட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை. விலை கூடிய ஏதோ செண்ட் வாசனை, அவ்வளவுதான். நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணும் பெட்டியோடு நிமிர்ந்தாள்.

"லுச்சா?"

பெரிய கறுப்புக் கண்ணாடி கழன்றது. "ஓர்னே! நீ... நீ எப்படி இங்க? டிக்கெட் ஆபீஸ்லதானே இருக்க?"

"அதை விட்டு எவ்வளவு காலமாச்சு. அம்மா படுத்தப்பவே விட்டுட்டேன். சொன்னேனே."

"ஆமா, ஆமா. சொன்ன." சொன்னது நினைவில்லை என்பது முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

இரு கன்னத்திலும் முத்தமிட்டுக்கொண்டார்கள். முத்தமிடும்போதே லுச்சானாவின் கண் அலுவலக வாசலுக்குப் போய் வந்தது.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான். திங்கக்கிழமை. ஒரே ஓட்டம் ஓர்னே. டெரிக்குக்கு சியென்னா பார்க்கணும், ஒயின் தோட்டம் பார்க்கணும். ரோட்டுல வலப்பக்கமா ஓட்ட அவருக்கு வராது, முழுக்க நான்தான் ஓட்டினேன். ஒரே முதுகுவலி. உன்னையும் வீணா அலைய வைக்க வேணாம்னுதான்..."

"அலைய வைக்கிறதா. வீடு அங்கதான் இருக்கு. மாடி ஏறினா வந்துடும்."

லுச்சானா சிரிக்கப் பார்த்தாள். "அம்மாகிட்டப் போய்ட்டுத்தான் வந்தோம். நேத்து. வெள்ளை ரோஜா வெச்சேன். அப்பா பக்கத்துலயே படுத்திருக்கா, பார்க்கவே நிம்மதியா இருந்துச்சு."

ஓர்னெல்லா தங்கையை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"வெள்ளை ரோஜாவா," என்றாள். "அம்மாவுக்குப் பிடிக்கும்."

பிறகு காரைச் சுற்றத் தொடங்கினாள். கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. இடப்பக்கப் பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே நீளமாக ஒரு கோடு. விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தாள்.

"அய்யோ, இன்னும் எச்சிலா!" லுச்சானாவுக்கு இந்த முறை சிரிப்பு உண்மையாகவே வந்துவிட்டது. "சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மா நம்ம மூஞ்சியை இப்படித்தானே துடைப்பா! உனக்குத்தான் முதல்ல, மிச்ச எச்சில் எனக்கு."

ஓர்னெல்லாவின் உதடும் ஒரு பக்கம் இழுபட்டது. அதற்குள் சரளைக் கல்லில் காலடிச் சத்தம். லுச்சானாவின் சிரிப்பு பட்டென்று அடங்கியது. கறுப்புக் கண்ணாடி மறுபடி ஏறியது.

"ஏதாவது பிரச்சினையா?" என்றார் டெரிக், ஆங்கிலத்தில்.

"ஒண்ணுமில்ல."

"உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"எங்க ஊர்க்காரங்க. சின்ன வயசுல பக்கத்து வீடு."

பெர்த்து ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றே அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் ஊரைவிட்டுப் போன காலத்தில் தெரியாதுதான். கார் திரும்ப வாங்கி வாங்கியே ஓர்னெல்லா கற்றுக்கொண்டாள். கீறல், பெட்ரோல், மன்னியுங்கள், அவசரம், என் மனைவி, என் மாமியார், பக்கத்து வீடு, எல்லாம் தெரியும்.

டெரிக் குனிந்து கோட்டைப் பார்த்தார். "இது எடுக்கும்போதே இருந்ததுன்னு நினைக்கிறேன்," என்றார் தயங்கித் தயங்கி.

எச்சிலில் போகாத அந்தக் கோட்டின் மேல் ஓர்னெல்லா உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள். "அழுக்கு," என்றாள் அவருடைய மொழியில். "வெறும் அழுக்கு. நீங்க போகலாம்."

வேன் சாவிக்காக உள்ளே போனபோது ஃபௌஸ்தோ கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏய், அந்தம்மா அப்படியே உன் சாடைடி. அந்த மூக்கைப் பாரேன்."

"துறைமுகத்துல நாலு வருஷம் உட்கார்ந்தா எல்லா மூஞ்சியும் ஒரே சாடையாத்தான் தெரியும். சாவியைக் குடு."

டெரிக்கின் நீளக் காலுக்குப் பின்னிருக்கையில் இடம் போதாது என்று அவரை முன்னால் உட்கார வைத்தாள். லுச்சானா பின்னால், பெட்டிகளோடு. துறைமுகத்துப் பழைய கோட்டையைத் தாண்டி வேன் திரும்பியதும் கப்பல் தெரிந்தது. அடுக்குமாடி வீடுகளைக் கொண்டுவந்து கடலில் வரிசையாக நிறுத்தினாற்போல். டெரிக் நல்ல மனிதர். சும்மா உட்கார்ந்து வருவது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு சொல்லையும் பிட்டுப் பிட்டு, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் பேசினார்.

"என் மனைவியோட அக்காவும் இந்த ஊர்தான். நீங்க பக்கத்து வீடுன்னா தெரிஞ்சிருக்கும். ஓர்னெல்லா."

"தெரியும்," என்றாள் ஓர்னெல்லா.

"பார்த்துட்டுப் போகணும்னு எனக்கு ரொம்ப ஆசை. கல்யாணத்துக்கும் அவங்க வரலை, நானும் இந்தப் பக்கம் வந்ததில்லை. பழைய போட்டோ ஒண்ணுதான் பார்த்திருக்கேன். இப்பப் பார்த்து சார்டினியா போயிருக்காங்களாம். நம்ம அதிர்ஷ்டம் அப்படி."

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் லுச்சானா தெரிந்தாள். முகத்தைச் சன்னலுக்குக் கொடுத்திருந்தாள். காதுமடல் சிவந்து கிடந்தது.

"சார்டினியா," என்றாள் ஓர்னெல்லா. "ஆமா. நல்ல இடம்."

"உங்க பேர் கேட்கவே இல்லையே நான்?"

முன்னால் சுமைவண்டி ஒன்று குறுக்கே நின்றது. அது நகரும்வரை ஓர்னெல்லா பிரேக்கை மிதித்திருந்தாள். பிறகு கியரை மாற்றிக்கொண்டே சொன்னாள்.

"எல்வீரா."

"அட! என் மாமியார் பேரும் அதுதான்! லூசி, கேட்டியா? உங்கம்மா பேரு!"

பின்னால் லுச்சானா ஒரு பெட்டியின் பூட்டைத் திறந்து மூடினாள்.

"இங்க அந்தப் பேர் நிறையப் பேருக்கு உண்டு," என்றாள் ஓர்னெல்லா.

கப்பலடியில் கூட்டம் அலைமோதியது. டெரிக் இறங்கி, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, ஓர்னெல்லாவின் கையை இரு கையாலும் பற்றிக் குலுக்கினார். சார்டினியாவிலிருந்து ஓர்னெல்லா திரும்பி வந்ததும் தாங்கள் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். சொல்வதாக அவளும் தலையாட்டினாள். அவர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரிசைக்குப் போனார். லுச்சானா மட்டும் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓர்னே, திட்டணும்னா திட்டிடு."

"எதுக்கு?"

"வந்திருந்தா நீ அம்மாவைப் பத்தித்தான் பேசுவ. எப்படிக் கிடந்தா, ராத்திரி என்ன கத்தினா, யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, எல்லாம் ஒண்ணொண்ணா சொல்லுவ. என்னால கேட்க முடியாதுடி. நிஜமாவே முடியாது."

"உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா," என்றாள் ஓர்னெல்லா. "என்னையும் லுச்சான்னுதான் கூப்பிட்டா. கடைசிவரைக்கும். நானும் என்னம்மான்னு குரல் குடுத்துட்டு இருந்தேன்."

லுச்சானா கண்ணாடியைக் கழற்றவில்லை. கண்ணாடிக்கு அடியிலிருந்து கன்னத்தில் கோடாக இறங்கியதைப் புறங்கையால் துடைத்தாள். "இறங்கறப்போ... பார்சிலோனாலேர்ந்து போன் பண்றேன். நிச்சயமா."

"இன்னொண்ணு. அம்மா அப்பா பக்கத்துல இல்ல."

"என்ன?"

"அங்க இடம் இல்லைன்னுட்டாங்க. புதுக் கல்லறைத் தோட்டத்துல, சுவர்ல இருக்கிற மாடத்துல வெச்சிருக்கு. நாலாவது வரிசை. பூ வைக்கணும்னா ஏணி தள்ளிட்டு வந்து ஏறணும். போன்ல சொன்னேன், நீ ம்ம், ம்ம்னு கேட்டுக்கிட்ட. அந்த வெள்ளை ரோஜா யாருக்குப் போச்சோ, அவங்களாவது நல்லா இருக்கட்டும்."

வரிசையிலிருந்து டெரிக் கையை உயரே ஆட்டி, "லூசி! லூசி!" என்று கூப்பிட்டார்.

"போ," என்றாள் ஓர்னெல்லா. "கப்பல் காத்திருக்காது."

அவள் போனாள். தள்ளுவண்டிகளுக்கும் தொப்பிகளுக்கும் நடுவே போய்ச் சேர்ந்தபோது டெரிக் அவள் தோளில் கை போட்டு ஏதோ கேட்டார். அவள் தலையை இடம் வலமாக ஆட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை, வேன் அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தது.

அலுவலகத்தில் அடுத்த காருக்காக இடம் அடைத்துக்கொண்டு அந்த வெள்ளைக் கார் அப்படியே கோணலாக நின்றது. "அதை எடுத்துக் கழுவ விடு, ரெண்டு வண்டி ரோட்டுல நிக்குது!" என்று ஃபௌஸ்தோ உள்ளிருந்து கத்தினான். "சாப்பிட்டியா இல்லையா நீ?"

அவள் காரின் கதவைத் திறந்தாள். ஓர்னெல்லா குள்ளம். கப்பலேறப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் எந்தக் காரிலும் இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொள்ளாமல் அவளுக்குக் கால் எட்டாது. உட்காரும்போதே கை தானாக அடியில் போய் இரும்புப் பிடியைத் தேடும். அன்றும் தேடிப் பிடித்துவிட்டது. ஆனால் லுச்சானா ஓட்டிவந்த இருக்கையை இழுக்க வேண்டியிருக்கவில்லை. பாதம் நேராகப் போய் மிதிமேல் உட்கார்ந்தது. முழங்கால் மடங்க வேண்டிய அளவுக்கு மடங்கியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில், திருப்பாமலே, ரோடு முழுசாகத் தெரிந்தது.

அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஹாரன் அடித்தார்கள். இரும்புப் பிடியைத் தூக்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி உதைத்து, இருக்கையை அது போகிறவரைக்கும் பின்னுக்குத் தள்ளினாள். பிறகு அதன் நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கால்விரல்களால் எட்டி எட்டி மிதித்து, காரைக் கழுவுமிடத்துக்கு ஓட்டிப் போனாள்.