ஆறப் பொறுத்தவர்

வெப்ப ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'நிக்கட்டும் சார்' என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை. குழாயில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, வெப்பநிலை காட்டும் எண்கள் ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருப்பதுதான் அந்தத் தொழிலின் பாலபாடம். நின்ற பிறகே குறித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அதற்குள் டீ குடித்து, ஊர்வம்பு பேசி, கோழித்தூக்கமும் போட்டு எழுவார்கள். இவர் மட்டும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எண்களுக்குக் காவல் இருப்பார். யாராவது எட்டிப் பார்த்து "ஆச்சா சார்?" என்றால், "நிக்கட்டும்" என்பார்.

வீட்டிலும் அதே கதைதான். டீயில் ஆடை படிந்த பிறகே கையை நீட்டுவார். மனைவி முறைத்தால், "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்பார். அந்த அம்மாள் எந்தப் பழமொழிக்கும் பதில் பழமொழி வைத்திருப்பவர். "ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னும் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தம்ளரை நகர்த்தி வைப்பார்.

கூடவே வேலை பார்த்தவர் அவருடைய தங்கையின் கணவர். முதலில் சிநேகிதர், பிறகுதான் மாப்பிள்ளை. சாப்பிட வீட்டுக்குக் கூட்டிவந்தது மட்டும்தான் இவர் செய்தது. மற்றதைத் தங்கை பார்த்துக்கொண்டாள். இவருக்கு நிரந்தர வேலை. மாப்பிள்ளைக்கு ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் நீட்டித்தால்தான் உண்டு.

புகைபோக்கி வழியாக வீணாய்ப் போகும் சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்கு மாற்றுவதுதான் இருவரின் ஆராய்ச்சி. குழாயின் நடுவில் ஓடும் தண்ணீர் சூட்டைச் சரியாக வாங்கிக்கொள்ளாமலே நழுவிப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மாப்பிள்ளை மெல்லிய தகடு ஒன்றை முறுக்கி, ஓரங்களில் வெட்டுப் போட்டு உள்ளே செருகினார். தண்ணீர் சுழன்று சுழன்று குழாய்ச் சுவரில் மோதி, சூட்டை வாரிக்கொண்டு வந்தது. எண்களை இருவரும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். இதை எழுதி ஆய்விதழில் வந்துவிட்டால் மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம் என்று மேலிடத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

குழாய் நெடுக ஒட்டியிருந்த, சூட்டை அளக்கும் கம்பிகளில் கடைசிக் கம்பி மட்டும் அடங்கவில்லை. அதன் எண் காலையில் கொஞ்சம் ஏறும், மாலையில் இறங்கும்.

"மச்சான், அது ஒண்ணை விட்டுட்டு மத்ததை வச்சு எழுதி அனுப்பிடலாம்."

"நிக்கட்டும் மாப்ள. நின்னாத்தான் அது எண்ணு."

"அப்ப சூடு வெளிய போகாம சுத்தியிருக்கற பஞ்சைப் பிரிச்சுக் கம்பியைப் பாத்துடவா?"

"தொடாத. கையை வச்சா மொத்தமும் கலைஞ்சிடும். தானா நிக்கும் பாரு."

அது நிற்கவே இல்லை. மழை போய் வெயில் வந்தது. எங்கோ இருக்கும் இன்னொரு ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அதே முறுக்குத் தகட்டை, இவர்களிடம் இருந்ததில் பாதிக் கம்பிகளை வைத்தே சோதித்து, எழுதி வெளியிட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

"உன் ஒத்தைக் கம்பிக்கு என் பொழைப்பு போச்சு மச்சான்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். வேறு ஊரில் கொதிகலன் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. தங்கை அழுதுகொண்டே பெட்டி கட்டினாள்.

அதற்குப் பிறகுதான் இவர் பஞ்சைப் பிரித்தார். கடைசிக் கம்பி கழன்று, குழாயைத் தொடாமல் பஞ்சுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெயில் ஏறினால் அது ஏறியது, இறங்கினால் இறங்கியது. குழாய் என்றைக்கோ நிலைக்கு வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்து அறையின் சூடு நிற்பதற்காக இவர் காத்திருந்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"இப்பவே கிளம்பிப் போய் அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார் மனைவி.

"இப்ப அவன் கொதிச்சுப் போய் இருப்பான். கொஞ்சம் ஆறட்டும்."

"கத்துவாரு. கத்தட்டுமே. கத்தினாத்தானே வீட்டு மனுஷன்?"

"ஆறட்டும்" என்றார் மறுபடி.

தங்கை எப்போதாவது போன் செய்வாள். "அவர் நல்லா இருக்காருண்ணா" என்பாள். அவள் குரலை வைத்து அங்கே சூடு எவ்வளவு என்று இவர் கணக்குப் போடுவார். இன்னும் ஆறவில்லை என்று தோன்றும். பிறகு தங்கைக்குப் பிள்ளைகள், இவருக்குச் சர்க்கரை வியாதி, ஆய்வுக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் என்று வருஷங்கள் ஓடின. ஓய்வு பெற்ற பிறகு, இனியும் தள்ளிப்போட்டால் ஒருவரை ஒருவர் படத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று மனைவி அடித்துச் சொன்ன பிறகு, இருவரும் பஸ் ஏறினார்கள்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளைதான். தலை முழுக்க நரை.

"வாங்க சார். பஸ்ஸுல கூட்டம் இல்லையே?"

முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை. அப்பாடா என்று இருந்தது இவருக்கு. சாப்பாட்டின்போது முழங்கால் வலி பற்றியும் விலைவாசி பற்றியும் பேசினார்கள். பெண்கள் சமையலறைக்குப் போனதும், இவர் ஆரம்பித்தார்.

"மாப்ள, அந்தக் கடைசிக் கம்பி..."

"கழண்டிருந்துச்சு. தெரியும் சார்."

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க சேர்ந்த புதுசுல ஒரு கம்பி அதே மாதிரி ஆட்டம் காட்டுச்சு. பிரிச்சுப் பாத்தா தொங்கிட்டு இருக்கு. நம்மளதும் இப்படித்தான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், இன்னிக்கு நாளைக்குள்ள கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். கூப்பிட்டா திட்டறதுக்குன்னு அவ்வளவு வார்த்தை சேத்து வச்சிருந்தேன்." மாப்பிள்ளை சிரித்தார். "இப்ப ஒண்ணுகூட ஞாபகம் வரல."

"ஒண்ணாவது சொல்லு மாப்ள. திட்டு."

"எதுக்கு சார், பழைய கதை. உங்களுக்கு ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?"

கோபம் ஆறியிருந்தது. கூடவே மற்றதும் ஆறியிருந்தது. சூடான எதையும் தொடாமல் விட்டுவிட்டால் அறையின் சூட்டுக்கு வந்து நின்றுவிடும் என்று வருஷா வருஷம் புது ஆராய்ச்சி மாணவர்களுக்கு முதல் வகுப்பு எடுத்தவர் அவர்தான். அது இப்படி எதிரில் உட்கார்ந்து ஃபேனைப் பற்றி விசாரிக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. கண் கலங்கியது. மாப்பிள்ளை மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

தங்கை டீத் தம்ளரைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். "உனக்கு ஆறினாத்தானே பிடிக்கும்ணா? அதான் அப்பவே போட்டு எடுத்து வச்சுட்டேன்."

அவர் ஆடையை ஒதுக்காமலே குடித்தார். எந்தப் பழமொழிக்கும் பதில் வைத்திருக்கும் மனைவி, சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.