கம்பெனி பஸ்ஸில் ஓடும் பாடம்

வளர்ந்தவர்களுக்கு வீடியோவில் பாடம் நடத்தும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: எதிரே இருப்பவர் தூங்குகிறாரா என்பது நமக்குத் தெரியாது, ஆனால் அவர் கை மெஷினில் மாட்டினால் முதலில் நம் பாடத்தைத்தான் தேடுவார்கள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் பாடங்கள் தயாரிக்கும் வேலை எனக்கு வாய்த்தது. தொழிலாளர்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். இதே வேலையில் இருப்பவர்கள் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

நூற்றுக்கு நூறு

முதல் பாடம் நாற்பது நிமிடம். அனிமேஷன், இசை, நடுநடுவே கேள்விகள். இரண்டே நாளில் ஒரு ஷிப்டு முழுக்கப் பார்த்து முடித்துவிட்டதாக ரிப்போர்ட் வந்தது. எல்லோரும் நூற்றுக்கு நூறு. பூரித்துப்போய் வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் தண்டலத்தில் கம்பெனி பஸ் ஏறினேன். கடைசி சீட்டில் செல்வம் என்ற ஆபரேட்டர் மடியில் எட்டு போன்கள். எட்டிலும் என் பாடம், சத்தமில்லாமல். கேள்வி வரும்போதெல்லாம் வரிசையாக விடையைத் தட்டிக்கொண்டு வந்தார். போனுக்குச் சொந்தக்காரர்கள் சுற்றிலும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "அவங்கவங்க பார்க்க வேண்டியதில்லையா?" என்று கேட்டேன்.

"முடிக்கணும்னுதான் சார் மெசேஜ் வந்துச்சு, பாக்கணும்னு வரல."

அவசர நிறுத்த விசை

நாற்பதை ஐந்தாகக் குறைத்தேன். சென்னை ஸ்டுடியோவில் நல்ல குரல் ஒன்றைப் பிடித்து, "ஆபத்து நேரின் அவசர நிறுத்த விசையை அழுத்தவும்" என்று கம்பீரமாகப் பேச வைத்தேன். அதை முதலில் அமுதாவுக்குப் போட்டுக் காட்டினேன். வல்லம் வடகாலிலிருந்து வருபவர். பிரஸ் மெஷின் லைனில் மூத்த ஆபரேட்டர். முழுதும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கை மாட்டிக்கினா பக்கத்துல கீறவன் 'எமர்ஜென்சி அமுக்கு'ன்னு கத்துவான் சார். 'விசை'ன்னு கத்துனா, அது இன்னான்னு யோசிக்கறதுக்குள்ள கை போயிடும்."

வெள்ளை கிளவுஸ்

அடுத்த பாடத்தில் தொழிலாளர்களையே நடிக்க வைத்துப் படம் எடுத்தோம். எச்.ஆர். மேனேஜருக்கு அதில் 'லுக்' போதவில்லை. தொழிலாளர்கள் வேண்டாம், நடிகரைப் போடுங்கள் என்றார். போட்டோம். பளபளக்கும் ஷூ, கையில் வெள்ளை கிளவுஸ், ட்ரில்லிங் மெஷின் முன்னால் ஒரு புன்னகை. ஒரு நாள் முழுக்க எடுத்தோம்.

சூப்பர்வைசர் தேவராஜ் பார்த்தார். சுற்றுகிற மெஷினில் கிளவுஸ் போடவே கூடாது. துணி சுற்றிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். இது என் பாடத்திலேயே மூன்றாவது பாயிண்டாக இருந்தது. எழுதியவன் நான். பக்கத்தில் நின்று படம் எடுத்தவனும் நான்தான். தேவராஜ் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

"ஆளு அழகா கீறாரு சார். ட்ரில்லு நெஜமா ஓடியிருந்தா, சிரிச்ச மாதிரியே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரு."

அந்த ஒரு விரல்

எரிச்சலில் ஸ்டுடியோவை விட்டேன், நடிகரை விட்டேன். டீ பிரேக்கில் அமுதாவைச் சுவரோரம் நிற்கவைத்து, போன் கேமராவை ஆன் செய்து, "உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க" என்றேன். அவர் இடது கையை யூனிபார்ம் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. இத்தனை நாளும் நான் கவனிக்கவே இல்லை. முன்பு வேலை பார்த்த ஒரு சின்னப் பட்டறையில் டார்கெட்டுக்காக, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை ஆஃப் பண்ணிவிட்டு ஓட்டச் சொன்னார்களாம். மறுக்காமல் ஓட்டியதாகவும், தலை பின்ன இன்றைக்கும் மகளைக் கூப்பிட வேண்டியிருப்பதாகவும் சொன்னார். மொத்தம் இரண்டு நிமிடம். எனக்குப் போனை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

மேனேஜர் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது, விரலை மட்டும் மறைத்துவிடலாமா என்றார். அப்படியானால் பாடமே வேண்டாம் என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையிலேயே நினைத்தேன். அவர் அமுதாவையே கூப்பிட்டுக் கேட்டார். அமுதா அவரை நிதானமாகப் பார்த்தார்.

"மறைக்கறதுன்னா நான் இன்னாத்துக்கு சார் பேசணும்? பாக்கெட்லயே வெச்சிக்கினு போயிருப்பேனே."

வீடியோ அப்படியே போனது. இத்தனை பாடங்களில் பஸ்ஸில் எல்லோரும் தூங்காமல் அவரவர் போனில் பார்த்தது, நான் கேமராவைப் பிடித்ததைத் தவிர ஒன்றுமே செய்யாத அந்த இரண்டு நிமிடத்தைத்தான்.