எங்க குவாரி எப்ப எரிமலை ஆச்சு?

இன்னிக்குக் காலையில குழாய்ல பானி வரல. எங்க தீவுல, இந்த லம்பா லைன் ஏரியாவுல இது புதுசில்ல. பக்கெட்ல துணியை எடுத்துக்கிட்டு, வீட்டுக்குப் பின்னால மேட்டு மேல இருக்கிற பழைய கல் குவாரிக்குப் போனேன்.

அங்க ஒரு ஜோடி நீந்திக்கிட்டு இருந்தாங்க. மெயின்லேண்டுக்காரங்க, தீவைச் சுத்திப் பார்க்க வந்தவங்க. கரையில மலையேறுற ஷூ, கைத்தடி, பெரிய பை.

என்னைப் பார்த்ததும் அந்தப் பொண்ணு பதறிப்போச்சு.

"அக்கா, எரிமலை ஏரியில போய் துணி துவைக்கலாமா?"

எது எரிமலை?

"இது குவாரிம்மா. எங்க அப்பா வெடி வெச்சு கல்லு எடுத்த குழி. மழைத் தண்ணி நிக்குது"ன்னேன்.

கூட இருந்த பையன் கரையேறி வந்து போனை நீட்டினான். யாரோ போட்டோ போட்டு, எரிமலை வாயில உண்டான ஏரி, ஏறிப்போய் நீந்தலாம்னு எழுதியிருக்காங்க. கீழ ஏகப்பட்ட ஹார்ட்டு.

"கால் வெச்சுப் பாருங்கக்கா, அடியில வெதுவெதுன்னு இருக்கு."

வெச்சேன். வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. வெயிலாலயா, வேற எதாலயான்னு புரியல. துவைக்காமலே திரும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அதே போஸ்ட்டைத் தேடி அப்பாகிட்ட காட்டினேன். கத்தப்போறார்னு நினைச்சேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா இங்க இருக்கோம், இந்த இடத்துக்கு நாம போனதே இல்லையே?"

இப்ப சட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறார். பக்கத்துல என் அழுக்குத்துணி பக்கெட்.

நான் இவரை எங்க கூட்டிட்டுப் போறது, சொல்லுங்க.