சிவப்பு மை பட்ட ஃபார்சி நோட்டு

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. அட்டையில் 'ஃபார்சி' என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. என்னுடையதல்ல, எங்கள் தொழிற்சாலை ஃபோர்மேனுடையது. பீரோவை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் கையில் அகப்படும். அலுப்போடு அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் எங்களுக்கு வேலை. ஈரானுக்கு அனுப்பிய இயந்திரங்களை நிறுவ ஒருவர் ஆறு மாதம் அங்கே போக வேண்டியிருந்தது. ஃபோர்மேனும், பரிசோதனைப் பிரிவிலிருந்த நானும் பெயர் கொடுத்தோம். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர் ஒருவர் சனிக்கிழமைதோறும் கேன்டீனில் தங்கள் மொழியான ஃபார்சியைச் சொல்லிக்கொடுத்தார். தமிழைப் போலவே வினை கடைசியில் வருவதும், அதன் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதும் எனக்கு வசதியாக இருந்தன. ஃபோர்மேனுக்கு விகுதி மட்டும் ஒட்டவே இல்லை. நான் போகிறேன் என்பதற்கு 'மன் மீரவம்' என்று சொல்ல வேண்டும். அவர் 'மன் மீரவத்' என்பார், அதாவது 'நான் போகிறான்'. ஆனாலும் பெங்களூர் சிவாஜிநகரில் பழகிய உருதுவைக் கலந்தடித்து, அந்த மாணவருடைய அம்மாவின் சமையல்வரை விசாரித்துச் சிரிக்கவைத்துவிடுவார்.

"ஏன் குரு, நட்டு லூசா இருந்தாலும் வண்டி ஓடுதா இல்லியா?" என்று, பெங்களூரில் நண்பர்களைக் கூப்பிடுவதுபோல 'குரு' போட்டு என்னைச் சீண்டுவார்.

ஓய்வுபெற அவருக்கு ஒரு வருடமே இருந்தது. பாஸ்போர்ட் எடுத்து ஏழு வருடம். ஒரு பக்கத்திலும் முத்திரை விழவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அதை விரித்துக் காட்டுவார்.

புதிதாக வந்த மேலாளர், நோட்டுகளைப் பார்த்து முடிவுசெய்வதாகச் சொன்னார். "கொஞ்சம் பாத்துக் குடு குரு, தப்பு இருந்தா அழிச்சு எழுதிக்கிறேன்" என்று அன்று காலை ஃபோர்மேன் தன் நோட்டைத் தந்தார். அதற்காகவே பென்சிலில் எழுதியிருந்தார். என் சட்டைப்பையிலும் பென்சில் இருந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். எங்கள் பிரிவில் சிவப்புக் குறி விழுந்தால் அந்தப் பாகம் கழிவு. பக்கம் பக்கமாகத் திருத்தி, கடைசியில் 'பிழைகள்: 31' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மதியம் நான் கொண்டுபோய்க் கொடுத்த இரண்டு நோட்டுகளையும் மேலாளர் புரட்டினார். என்னையே அனுப்பினார். நோட்டுகள் என்னிடமே திரும்பி வந்தன. ஃபோர்மேன் தன்னுடையதைக் கேட்கவில்லை.

ஈரானில், வாக்கியத்தை மனதுக்குள் பிழையில்லாமல் கோத்து நான் வாய்திறப்பதற்குள் கேட்டவர் போயிருப்பார். ஆறு மாதமும் பெரும்பாலும் தலையாட்டினேன். அந்த நாட்களின் டைரியில் ஒரு நண்பரின் பெயர்கூட இல்லை.

"என்ன குரு, அங்க நல்லாப் பேசினியா?" என்று நான் திரும்பி வந்ததும் ஃபோர்மேன் கேட்டார்.

"பேசினேன்" என்றேன். அவர் அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டைக் கொண்டுவரவில்லை.

இன்று நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். என் திருத்தங்களில் தவறில்லை. அவருடைய பென்சில் எழுத்து மட்டும் தேய்ந்து மங்கிவிட்டது. எதைத் திருத்தினேன் என்றே தெரியாமல் சிவப்பு நிற்கிறது.