கட்டிங் மேஜையில் ஒரு ஒத்திகைப் போட்டி

பள்ளிக்கூடத்தில் ரோபோ செய்யச் சொல்லிக்கொடுப்பது என்றால், பிள்ளைகள் செய்த ஒன்று ஓடுமா ஓடாதா என்று அதைச் செய்யாத நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது. போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருந்தவர்கள்.

படித்த கான்வென்டிலேயே எனக்கு அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய வாரமே ரோபோ பெட்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள். பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். பேட்டரி வெடிக்கும், பாப்பா பொத்தானை விழுங்கிவிடும், பஸ் கவிழும் என்று நான் பயப்படாத விஷயமே கிடையாது. தலைமையாசிரியை சிஸ்டர் என்னைவிட ஒரு படி மேல். வெளியூருக்குப் பெண்பிள்ளைகளை அனுப்புவதென்றால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும். அதனால் ஒரு நிபந்தனை வைத்தார். கோயம்புத்தூர் போட்டிக்கு முன்னால் சோமனூர்ப் பள்ளியோடு ஓர் ஒத்திகைப் போட்டி. மூன்று சுற்றில் ஒன்றிலாவது, யார் கையும் படாமல், எங்கள் ரோபோ முழுசாக ஓடி முடிக்க வேண்டும். முடித்தால் கோயம்புத்தூர், இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

என் அணியில் இரண்டே பேர், ஜெனிபர், சுகன்யா. இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருஷம் பத்தாவது. எங்கள் பள்ளியில் பத்தாவது வந்துவிட்டால் ரோபோ என்ன, ரிப்பனைக்கூட நிதானமாகக் கட்ட விடமாட்டார்கள். ஆகவே அவர்களுக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு.

இடம் கிடைத்தது

ரோபோ ஓடுவதற்கு அகலமான, வழவழப்பான, மேடுபள்ளம் இல்லாத மேஜை வேண்டும். அப்படி ஒன்று எங்கள் பள்ளியில் கிடையாது. ஆனால் எங்கள் திருப்பூரில் தெருவுக்கு நான்கு இருக்கிறது. துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுகிற கட்டிங் மேஜை! சுகன்யாவின் அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மேனேஜரிடம் அவர்தான் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஹாலை வாங்கித் தந்தார்.

மேனேஜர் காலையிலேயே வந்து காத்திருந்தார். ரோபோ என்றதும் ஆள் உயரத்துக்கு ஒன்று லாரியில் வந்து இறங்கும் என்று நினைத்து, பெரிய கேட்டைத் திறந்து, வாசலில் நின்ற வண்டிகளையெல்லாம் ஒதுக்கி வைத்திருந்தார். ஜெனிபர் என் ஸ்கூட்டியிலிருந்து இறங்கி, கட்டைப்பைக்குள் கையை விட்டு, டிபன் பாக்ஸ் அளவு இருந்த எங்கள் ரோபோவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதை அவர் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், இதுக்காங்க ஞாயித்துக்கெழமையும் அதுவுமா பெரிய கேட்டைத் தொறந்து வெச்சேன்?"

துணி செய்த வேலை

மேஜைமேல் விரிக்க, கோடு போட்ட விரிப்பு ஒன்று வேண்டும். போட்டியில் ஃபிளெக்ஸில் அடித்துத் தருவார்கள். எங்களிடம் அது இல்லை. சுகன்யா வீட்டிலிருந்து வெள்ளைப் பனியன் துணி வந்தது. தெரிந்த பிரிண்டிங் பட்டறையில் அதில் கறுப்புக் கோடுகளை அடித்தோம். பள்ளியில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, துணியை நன்றாக இழுத்துக் கிளிப் மாட்டி, அதன்மேல் ஒரு வாரம் பழகினோம். சக்கரம் எத்தனை சுற்று சுற்றினால் எங்கே திரும்ப வேண்டும் என்பது ஜெனிபருக்கு மனப்பாடம். அந்த ஒரு வாரம்தான் நான் பயமில்லாமல் சாப்பிட்டேன்.

கம்பெனியில் அதே துணியைச் சுருளிலிருந்து பிரித்து விரித்தோம். முதல் சுற்றில் ரோபோ எல்லாத் திருப்பத்தையும் தாண்டித் தாண்டிப் போய்த் திரும்பியது. நாங்கள் அனுப்பிய அளவை வைத்துப் பழகிவந்த சோமனூர்ப் பையன்களுடையதும் அப்படித்தான் தடுமாறியது. என்ன ஏது என்று நான் நிரலைப் பார்க்க, சுகன்யா துணியைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். இழுத்த துணி கிளிப்பை எடுத்ததும் சுருங்கிவிட்டது. பனியன் துணியை வெட்டுவதற்கு முந்தின நாளே பிரித்துப் போட்டு ஆறவிட வேண்டும் என்று திருப்பூரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கட்டிங் மாஸ்டர் மகளுக்கும் எனக்கும் அன்றைக்கு அது தோன்றவேயில்லை. அப்பாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்று சுகன்யா என்னிடம் சத்தியம் வாங்கினாள். பையன்களைக் கூட்டிவந்த சோமனூர்ச் சாருக்குத்தான் கொண்டாட்டம். அவர் ஊர் விசைத்தறி ஊர்.

"தறித் துணில அடிச்சிருந்தா இந்த வம்பே இல்லீங்க டீச்சர். பனியன் துணிய நம்பி ஆராச்சும் கணக்குப் போடுவாங்களா?"

அம்பு

சுகன்யாவின் அம்மா அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். தைத்து வந்த பீஸில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. சுற்றுகளுக்கு நடுவே ரோபோ சும்மா இருப்பதைப் பார்த்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தொங்கின ஒயருக்கு ஓர் அம்பு, கோணல் சக்கரத்துக்கு ஓர் அம்பு, கீறலுக்கு ஓர் அம்பு. நாங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் ரோபோ முள்ளம்பன்றி ஆகியிருந்தது. கோட்டைப் பார்த்து ஓடுவதற்கு அதற்கு இருந்த ஒரே சிவப்பு விளக்குச் சென்சார்மேலும் ஒன்று. ஜெனிபர் கோபப்படாமல் ஒவ்வொன்றாக உரித்தாள். சுகன்யாவுக்கு மானம் போய்விட்டது. அம்மா மசியவில்லை.

"இருக்கறதே ஒத்தக் கண்ணு, அதும் செவந்து கெடக்குது. சரக்கு வாங்கற பையரு பாத்தா பீஸை ரிட்டன் அடிச்சிருவானுங்க கண்ணு."

பஞ்சு

இரண்டாவது சுற்றை நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அது அழுத அழுகையில் சோமனூர் ரோபோவே திரும்பிப் பார்த்திருக்கும். சாம்பிள் அறைக்குள் போய்ப் பால் கொடுத்துக்கொண்டே, சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. எழுந்துபோனால் பாப்பா அழும், உட்கார்ந்திருந்தால் எனக்கு உயிர் போகும். தாயாக இருப்பவர்களுக்கு அந்த நாற்காலி தெரியும். மேஜைக்கு அடியிலிருந்து பறந்த பஞ்சு சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டு, இறுகிப்போய், ரோபோ பாதி வழியில் நின்றுவிட்டதாம். நூல் வெட்டுகிற டிரிம்மரை வைத்துச் சுகன்யா அதைப் பிசிறு பிசிறாக எடுத்துக்கொண்டிருந்தாளாம். போட்டியைப் பார்க்க வந்திருந்த சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஜெனிபர் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே பார்க்காமல், குரல் மட்டும் கொடுத்தாள். அவள் வீட்டார் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவர்கள். பதற்றம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும் அவளுக்கு.

"மிஸ், நம்ம ரோபோ நின்னுட்டு. நீங்க பயப்படாதிய, பாப்பாவ முழுசா குடிக்க விடுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்."

சிஸ்டரின் கை

மூன்றாவது சுற்றுக்குள் துணி சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி ஓய்ந்திருந்தது. ஜெனிபர் எல்லாக் கணக்கையும் மாற்றியிருந்தாள். சோமனூர்ச் சார்தான் நடுவர். பாப்பா என் தோளில் தூங்கிவிட்டது. சிஸ்டர் மேஜையின் கடைசி மூலையில் செபமாலையும் கையுமாக நின்றார்.

ரோபோ ஓடியது. ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. கடைசித் திருப்பம் மேஜையின் ஓரத்தில். அங்கே வந்ததும் ரோபோவின் முன்கை விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கோடு முடிந்ததா என்று பார்த்துத் திரும்புவதற்கு ஜெனிபர் ஒரு சின்ன நிறுத்தம் வைத்திருந்தாள். அது அவளுக்கும் சுகன்யாவுக்கும்தான் தெரியும். பார்க்கிற எங்களுக்கு, பிள்ளை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நிற்கிற மாதிரி இருந்தது. என் கையும் பாதி தூரம் போய்விட்டது. தோளில் பாப்பா இருந்ததால் மீதி தூரம் போகவில்லை. சிஸ்டர் "ஏசுவே" என்று பாய்ந்து ரோபோவைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சக்கரம் இரண்டும் அவர் அங்கியில் சுற்றிக்கொண்டே இருந்தன.

கை பட்டுவிட்டது, சுற்று செல்லாது என்று சோமனூர்ச் சார் மிகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். சுகன்யா அழ ஆரம்பித்தாள். ஜெனிபர் அழவில்லை. அது விழுந்திருக்காது சிஸ்டர், அந்த இடத்தில் நின்றுதான் திரும்பும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சிஸ்டர் ரோபோவைக் கொண்டுபோய்த் தொடங்குகிற இடத்தில் அவரே வைத்து, இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். கைகள் இரண்டையும் அங்கியின் பைகளுக்குள் திணித்துக்கொண்டார்.

ரோபோ ஓரத்துக்கு வந்தது. முன்கையை நீட்டிக்கொண்டு நின்றது. சிஸ்டரின் பைக்குள் செபமாலை கலகலவென்றது. ரோபோ திரும்பியது. வந்த வழியே போய், முடிக்க வேண்டிய இடத்தில் முடித்தது. சிஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பஸ்ஸுக்குச் சொல்லிடுங்க மிஸ். ஆனா கோயம்புத்தூர்ல நான் மேஜைப் பக்கமே வரமாட்டேன், பஸ்லயே உட்கார்ந்து செபம் பண்றேன்."

கோயம்புத்தூரில் எங்களுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும், இப்போது எல்.கே.ஜி. போகிற என் மகள் சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி நிற்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டு நிற்கிற அளவுக்கு நான் தேறியிருக்கிறேன்.