நீதிமன்றப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கோவிந்தசாமி அண்ணன்

கைதட்டுவதில் களைப்பறியாத என் தமிழ்ப் பெருமக்களே! சாலாக் செலாத்தான் வட்டாரத்துக் கோவிந்தசாமி அண்ணன் வெள்ளிக்கிழமை மாரடைப்பில் காலமானார்.

நேற்று தகனம் முடிந்தது. இன்று காலை இரங்கல் கூட்டத்துக்கான அழைப்பிதழ் கைப்பேசியில் வந்து விழுகிறது... செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குத்தான் தமயந்தியின் வழக்கில் தீர்ப்பு. நம் போராட்டக் குழுவில் ஒருவருக்குக்கூட இது நினைவில்லை!

தமயந்தி கிள்ளானில் பாலர்பள்ளி ஆசிரியை. விசாரணையின்றி அடைத்து வைக்கப்பட்டிருக்கும் தம்பியின் படத்தை ஏந்தி, நாம் அழைத்த பேரணியில் அமைதியாக நடந்தவர். அதற்குத்தான் அவர்மேல் வழக்கு.

கோவிந்தசாமி அண்ணன் யாரென்று கேட்பவர்களுக்கு... மினிபஸ் ஓட்டியவர். மேடை ஏறாதவர், பதவி கேளாதவர். நம்மில் எவரை நீதிமன்றத்துக்கு இழுத்தாலும் பின்வரிசையில் வந்து உட்காருவார். அதுதான் அவருடைய போராட்டம்.

என்னை முதன்முதலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய நாள். முந்தைய நாள் கிள்ளானில் என் பேச்சுக்கு மண்டபமே அதிர்ந்திருந்தது. அந்தத் தெம்பில் திரும்பிப் பார்த்தேன். எல்லா வரிசையும் காலி. கடைசி வரிசையில் பூ அச்சிட்ட பாத்தேக் சட்டை போட்ட ஒரே ஒரு மனிதர்.

வெளியே வந்ததும் சிற்றுண்டிச் சாலையில் நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே வாங்கிக் கொடுத்தார்.

“நேத்து கை தட்டுன ஜனம் எல்லாம் எங்க தம்பி?”

“வேல இருக்கும்ண்ணே.”

“எனக்கு மட்டும் இல்லையா? லீவு போட்டுட்டு வந்தேன் லா.”

மறுமுறை என் வற்புறுத்தலில் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் ஜப்பான் சிலிப்பரோடு, ரப்பர் செருப்போடு வந்தார்கள்! காவலர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அடக்குமுறையை எதிர்க்கப் புறப்பட்டவர்களுக்கு மூடிய காலணி போடத் தோன்றவில்லை.

அதன்பிறகு அண்ணன் தம் காரில் எப்போதும் மூன்று ஜோடி காலணி வைத்திருந்தார். மூன்றும் ஒரே அளவு. சிறுத்த காலோ பெருத்த காலோ, அதற்குள்தான் நுழைய வேண்டும். கடித்தால் என்ன செய்வது என்று ஒருவன் கேட்டதற்கு, உட்காரத்தானே வந்திருக்கிறாய், நடக்கவா வந்தாய் என்றார்.

இன்னொரு நாள், பேரணி நாள். எதிரே காவல் படை. நான் லோரியின் மேல் நின்று ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருக்கிறேன், முன்னேறுங்கள், முன்னேறுங்கள் என்று. அண்ணன் லோரியின் பக்கத்தில் வந்து என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“தம்பி, மேல நிக்கிற உனக்கு அடி விழாது. கீழ நிக்கிறவனுக்குத்தான் விழும். எறங்கி வந்து உட்காரு.”

கோபம் வந்தது. ஆனாலும் இறங்கினேன், உட்கார்ந்தேன். எங்களைப் பார்த்து மற்றவர்களும் தார்ச்சாலையில் உட்கார்ந்தார்கள். காவலர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஓடவில்லை, ஒரு மண்டையும் உடையவில்லை. அன்று என் பேச்சு நீண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இன்றுவரை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் இந்த இரங்கல் கூட்டம். பதினொரு பேச்சாளர்கள்! சிறப்புரை அடியேன்.

ஏற்பாட்டாளரை அழைத்து நாளை மாற்றுங்கள் என்றேன். சட்டமன்ற உறுப்பினருக்கு அன்று காலைதான் நேரம் இருக்கிறதாம். அவருக்குப் போடப் பூமாலைகூடச் சொல்லியாகிவிட்டதாம்.

“கோர்ட்டுக்கு வக்கீல் போவாரு இல்ல? நீங்க அரை மணி நேரம் பேசிட்டு அப்புறமா போங்கண்ணே.”

அரை மணி நேரம்... உட்கார்ந்தே வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி நின்றுகொண்டு அரை மணி நேரம்!

சற்று முன் தமயந்தி அழைத்தார். தீர்ப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தண்டனை வந்தால் பள்ளி வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கேட்டது ஒன்றுதான்.

“அங்கிள் எப்பவும் பின்னால இருப்பாரு. செவ்வாக்கெழம நான் திரும்பிப் பாத்தா யாருண்ணே இருப்பா?”

இத்தனை ஆண்டு மேடைத்தமிழ் கைகொடுக்கவில்லை.

போய் வாருங்கள், அண்ணே. உங்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

தோழர்களே, கண்ணீர்க் குறியும் கும்பிடும் கையும் இந்தப் பதிவின்கீழ் வேண்டாம். மண்டபத்துக்குப் போகாதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் மாலையைத் தாமே வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். பூச்சோங்கிலிருந்து வருகிறவர்கள் ஒரு காரில் நான்கு பேராக வாருங்கள். பங்சாரில் அலுவலகம் இருப்பவர்கள் இப்போதே விடுப்புக்கு எழுதுங்கள். செவ்வாய் காலை எட்டரை மணிக்கு நீதிமன்ற வாசலில் நிற்பேன். வருகிறவர்கள் பெயரை மட்டும் கீழே எழுதுங்கள். எழுதினால் வாருங்கள்!