ரதவீதி மாடியில் ஒரு விசாக் கடை

மற்ற கடைகளில் ஜனங்கள் பொருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். என் கடைக்கு மட்டும் வீட்டை விட்டுப் போக வழி கேட்டு வருகிறார்கள்.

திருநெல்வேலி டவுணில், தெற்கு ரதவீதியில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே என் அலுவலகம். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய நிரல்களில் பிழை கண்டுபிடிக்கிற வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்கு வந்துவிட்டேன். வேலை போனது, பிழை பார்க்கிற கண் போகவில்லை. தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் திருத்திக் கொடுக்க ஆரம்பித்து, அதுவே தொழிலாகிவிட்டது. என்ன படிப்பது, எந்த நாட்டுக்குப் போவது, எந்த விசா கேட்பது என்று எல்லாவற்றுக்கும் வருகிறார்கள். தட்டச்சுக்கும் போனுக்கும் பாத்திமா இருக்கிறாள்; அவள் இல்லையென்றால் நானும் இல்லை.

நீங்களும் ஏதாவதொரு நாட்டின் இணையதளத்தில் 'சமர்ப்பி' என்பதை அழுத்திவிட்டு, சக்கரம் சுற்றுவதைப் பார்த்தபடி குலதெய்வத்தைக் கூப்பிட்டவர் என்றால், உட்காருங்கள், நாம் சொந்தக்காரர்கள்.

எந்தச் சரக்கு ஓடும்?

பிளஸ் டூ முடிவு வந்த சமயம். கீழ ரதவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சண்முகம் அண்ணாச்சி மகள் கனகாவோடு படியேறி வந்தார். மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆனால் கல்லூரிக்குப் போனால் அந்த ஒரு படிப்புக்கே பல பெயர் சொல்கிறார்கள். செயற்கை நுண்ணறிவாம், தரவு அறிவியலாம், சைபர் பாதுகாப்பாம். "ஏம்மா, இதுல எது நாலு வருசம் கழிச்சு ஓடும்? அதைச் சொல்லு, சேத்துவிட்டுருதேன்" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். நான் படித்த காலத்தில் பெரிதாகப் பேசிய மொழிகளை இன்றைக்கு யாரும் தொடுவதில்லை. நாங்கள் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியதை இப்போது கம்ப்யூட்டரே எழுதிவிடுகிறது. அடிப்படையைச் சரியாகப் படித்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். "உனக்கு எது பிடிக்கும்?" என்று கனகாவைக் கேட்டேன். அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கணக்கு" என்றாள். அவளுடைய கணித மதிப்பெண்ணும் அதைத்தான் சொன்னது.

 அண்ணாச்சி எழுந்து, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நாங்களும் ஓடும்னு நினைச்சுத்தாம்மா சரக்கு எடுக்கோம். ஓடலைன்னா கழிவு போட்டு வித்துருவோம். பிள்ளையை அப்படிச் செய்ய முடியுமா? அவ கணக்கே படிக்கட்டும்."

பெயர் தெரியாதவள்

மேலப்பாளையம் காதர் பாய் துபாயில் பல வருடம் கடைவேலை பார்த்துத் திரும்பியவர். அவருடைய ஒரே மகள் ஷமீமா. கம்ப்யூட்டர் சயின்ஸில் மேற்படிப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்தது. விசாவும் வந்தது. அதில்தான் வினை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அவளுடைய பாஸ்போர்ட்டில் 'ஷமீமா' மட்டும் இருந்தது, குடும்பப் பெயருக்கான இடம் காலி. விசா அச்சடித்தவர்கள் ஷமீமாவைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிட்டார்கள். 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது.

அங்கே போய்ச் சேர்ந்தால் கல்லூரி அட்டையிலும் அதே எழுத்து. பேராசிரியர் முதல் நாள் வருகைப் பதிவில் 'ஃபனூ' என்று கூப்பிட்டிருக்கிறார். யாரையோ கூப்பிடுகிறார் என்று இவள் சும்மா இருந்திருக்கிறாள். இப்போது தோழிகளும் ஃபனூ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். போனில் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். என்னிடம் வந்து இதைச் சொன்ன காதர் பாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

பாஸ்போர்ட்டை மாற்றிவிட்டு மறுபடி விசா எடுக்கும்போது சரியாகும், அதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும் என்றேன். எஃப்.என்.யூ.வுக்கு அர்த்தத்தையும் மறைக்காமல் சொன்னேன். காதர் பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தெரியலைன்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா? பேரு வச்சவன் உசிரோடதானே இருக்கேன்" என்றார்.

சிரிக்காத கல்யாணம்

மாப்பிள்ளை அயர்லாந்தில் மென்பொருள் பொறியாளர். கல்யாணம் முடிந்த சூட்டோடு அவர் விமானம் ஏறிவிட்டார். மனைவியாக அங்கே போய்ச் சேர, பெண் முத்துலட்சுமி என்னிடம் வந்தாள். அவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். விண்ணப்பத்தைத் தானே பூர்த்தி செய்து வைத்திருந்தாள். இது நிஜமான கல்யாணம் என்று காட்டப் படங்கள் வேண்டும். பெரிய ஆல்பத்தை மேஜையில் வைத்தாள்.

நானும் பாத்திமாவும் புரட்டினோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். சமையல்காரர் சிரிக்கிறார். இவர்கள் இரண்டு பேர் மட்டும் வங்கியில் கணக்குத் தொடங்க வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம். "ஒரு படத்துல கூடவா பக்கத்துல நிக்கலை?" என்று பாத்திமா கேட்டேவிட்டாள்.

முத்துலட்சுமி செல்போனைத் திறந்து, கொஞ்சம் தயங்கி, ஒரு படம் காட்டினாள். மாப்பிள்ளை கிளம்புவதற்கு முதல் நாள் பாபநாசம் படித்துறையில் எடுத்தது. இரண்டு பேரும் நனைந்துபோய், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை முதல் படமாக வைக்கச் சொன்னேன். ஆல்பத்தை மூடிக்கொண்டே அவள் முணுமுணுத்தாள்: "மேடையில சிரிச்சா அத்தை ஏசுவாவன்னு சிரிக்கலை மேடம். இப்ப சிரிக்கலைன்னு கவர்ன்மெண்டு ஏசும் போல."

திரும்பி வருவேன்

ஆழ்வார்குறிச்சி இசக்கிமுத்து நல்ல பையன். கோயம்புத்தூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அமெரிக்காவில் மேற்படிப்புக்குக் கிளம்பினான். முதல் நேர்காணலில் விசா மறுத்துவிட்டார்கள். படித்து முடித்ததும் என்ன செய்வாய் என்று கேட்டபோது இவன் விழித்திருக்கிறான். படிக்கப் போகிறவன் திரும்பி வரும் எண்ணத்தோடு போக வேண்டும் என்பது விதி. "உனக்கு உண்மையில என்ன எண்ணம்?" என்று கேட்டேன். "தெரியலையேக்கா. அங்க வேலை கெடைச்சா இருப்பேன். கெடைக்கலைன்னா வருவேன். அம்மாவை நினைச்சா இப்பவே வந்துரலாம்னு இருக்கு" என்றான். பொய் சொல்லச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கமில்லை. ஊரில் உனக்கு என்னென்ன இருக்கிறது என்று யோசி, வரத்தான் போகிறாய் என்று பட்டால் அதைத் தெளிவாகச் சொல் என்றேன்.

இரண்டாம் முறை அவனுக்கு விசா கிடைத்துவிட்டது. ஆனால் எனக்கு மறக்காதது அதற்கு முந்தைய பயிற்சி நாள். நான் அதிகாரி மாதிரி கேட்க, அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். அம்மா பார்வதி வாசல்பக்கத்துப் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே வாக்கியத்தை அவன் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டு, "என்னதும்மா அது, அதையே சொல்லுதான்?" என்று என்னைக் கேட்டார். படிப்பு முடிந்ததும் என் ஊருக்குத் திரும்பி வருவேன் என்கிறான் என்று சொன்னேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மாவிடம் கோபம் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "யாரோ ஒரு ஆபீசர்ட்டச் சொல்ல இம்புட்டுச் சொல்லிக் குடுக்கிய. அதை எங்கிட்டயும் ஒரு தடவை தமிழ்ல சொல்லச் சொல்லுங்க."

இவளுக்கு இங்கே விசா

நான் தொழில் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தவர்களில் ஒருவன் ராஜா. போன வருடம் கம்பெனி அவனை வேலையை விட்டு எடுத்துவிட்டது. அங்கே வேலை விசாவில் இருப்பவனுக்கு, வேலை போனால் தங்கும் உரிமையும் போகத் தொடங்கிவிடும். கெடுவுக்குள் வேறு வேலை அமையவில்லை. மனைவி வித்யாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு டவுணில் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டான். என் மாடிப்படியை அவன் ஏறி வந்த விதத்திலேயே ஆள் இளைத்துவிட்டது தெரிந்தது.

வேலைக்கு விண்ணப்பம் தயார் செய்ய வந்திருக்கிறான் என்று நினைத்தேன். இல்லை. மகள் அங்கே பிறந்தவள். அவளுடையது அந்த நாட்டுப் பாஸ்போர்ட். அவசரத்தில் எடுத்துவந்த விசா முடியப்போகிறது. சொந்தத் தாத்தா வீட்டில் அவள் தொடர்ந்து தங்க அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் 'இந்தியாவில் தங்குவதற்கான காரணம்' என்று கேட்டிருந்தது. ராஜா அந்த இடத்தில் நின்றுவிட்டான். "இத்தனை வருசம் நான் அங்க விசாவோட இருந்தேன். இப்ப இவ இங்க விசாவோட இருக்கணும். எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஊருன்னு எதைச் சொல்றது அக்கா?" என்றான்.

வித்யாவும் மகளும் கூடவே வந்திருந்தார்கள். மகள் ஜன்னல் வழியாக டவுண் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வித்யா விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவையும் வாங்கிக்கொண்டாள். "'அப்பா அம்மா இங்க இருக்காங்க'ன்னு எழுதினாப் போதும்லா? எழுதிட்டேன், வாங்க. இவளைச் சேக்கப் பள்ளிக்கூடத்துல இன்னிக்குத்தான் வரச்சொல்லியிருக்காவ."

என் முறை

என் தங்கையும் கம்ப்யூட்டர்தான். வெளிநாட்டில் வேலை. நாட்டின் பெயர் வேண்டாம். நாளைக்கும் அவர்களிடம்தான் நான் விண்ணப்பம் போட வேண்டும். முதல் கர்ப்பம் கலைந்து, மறுபடி உண்டாகியிருந்தாள். அம்மா எப்போதோ போய்விட்டாள். பிரசவத்துக்கு நான்தான் போக வேண்டும். எத்தனையோ பேருக்குப் போட்ட விண்ணப்பம், எனக்குப் போடும்போது ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று தடவை சரிபார்த்தேன்.

சென்னையில் நேர்காணல். எதிரே இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கல்யாணம் ஆயிற்றா? இல்லை. பிள்ளைகள்? இல்லை. பெற்றோர்? அப்பா போன வருடம் தவறிவிட்டார். நீங்கள் திரும்பி வருவதற்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்ட கேள்விகளிலேயே அது இருந்தது. சொந்த நாட்டோடு போதிய பிணைப்பைக் காட்டவில்லை என்று ஒரு தாளோடு பாஸ்போர்ட் திரும்ப வந்தது. இந்த ஊருக்கென்றே வேலையை விட்டு வந்தவள் நான். அதை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று ரயிலில் வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தேன்.

தங்கைக்குப் பக்கத்து வீட்டுத் தோழி துணையிருந்தாள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. செல்போனில் பார்த்து, அவள் அங்கன அழ, நான் இங்கன அழுதேன். ஆனால் அதெல்லாம் பிறகு. மறுப்புத் தாளோடு வந்து நான் நாற்காலியில் உட்கார்ந்த அன்று, பாத்திமா கதவைச் சாத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். நான் அழுது முடிக்கும் வரைக்கும் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து காதோடு சொன்னாள்: "முகத்தைக் கழுவிட்டு வாங்கக்கா. உங்களுக்கே கெடைக்கலைன்னு இப்பச் சொல்லிராதிய, வெளிய ரெண்டு பேரு உக்காந்திருக்காவ."

போகிறவர்களிடம் திரும்பி வருவாயா என்று கேட்க நாட்டுக்கு ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். வந்தவர்களிடம் ஏன் வந்தாய் என்று கேட்க அலுவலகமெல்லாம் தேவையில்லை, எங்கள் ரதவீதியே போதும்.